கொட்டை காத்திருக்கும், வயிறு காத்திருக்குமா?

முந்திரியைப் பற்றிய பேச்சு இப்போது நாலா திசையிலும் பலமாகக் கேட்கிறது. தரிசு நிலத்தில் விளையும் தங்கம் என்கிறார்கள். அந்நியச் செலாவணியை அள்ளிக்கொண்டு வரும் பயிர் என்கிறார்கள். 2025 மார்ச்சில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட வேளாண்மை பட்ஜெட்டில், தமிழ்நாடு முந்திரி வாரியம் அமைக்கப்படும், அதற்கு 10 கோடி ரூபாய் ஒதுக்கப்படும் என்று அறிவிப்பு வந்தது. அதே ஆண்டில் பண்ருட்டி முந்திரிக்கும் பண்ருட்டிப் பலாவுக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்ல காரியங்களை நாம் குறை சொல்லப் போவதில்லை. வாரியம் வரட்டும். குறியீடும் இருக்கட்டும்.

ஆனால் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. இவ்வளவு செல்வம் கொழிக்கும் பயிரைக் கையில் வைத்துக்கொண்டு, பண்ருட்டி, விருத்தாசலம், ஜெயங்கொண்டம், செந்துறை வட்டாரங்களின் சிறு விவசாயி ஏன் கடன்காரனுக்குப் பயந்து ஒளிகிறான்? ஊர் உலகமெல்லாம் இனிப்பில் போட்டுத் தின்னும் பருப்பை ஓட்டிலிருந்து அலுங்காமல் எடுத்துக் கொடுக்கும் பெண், ஏன் தன் பிள்ளைக்கு அதிலே நாலு பருப்பு வாங்கித் தர முடியாமல் இருக்கிறாள்? பயிருக்கு வளம் உண்டு என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அந்த வளம் நடுவழியில் எந்த ஸ்டேஷனில் இறங்கிவிடுகிறது என்பதுதான் விஷயம்.

நாம் சொல்லுவது இதுதான்: முந்திரித் தொழிலில் லாபம், காத்திருக்க முடிந்தவன் வீட்டுக்குப் போகிறது. காத்திருக்க முடியாதவன் வீட்டில் நஷ்டம் வந்து உட்காருகிறது. மரத்தடி முதல் கப்பல் துறைமுகம் வரை எங்கே போய்ப் பார்த்தாலும் இந்த ஒரே விதிதான் ஆட்சி செய்கிறது. இதை மாற்றாமல் எத்தனை வாரியம் வைத்தாலும், கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதையாகத்தான் முடியும்.

கொட்டையின் குணம்

பலாப்பழம் பழுத்துவிட்டால் நாலு நாள் தாங்காது. தக்காளி அதைவிட மோசம். பூவோ மாலைக்குள் வாடிவிடும். முந்திரிக்கொட்டைக்கு இந்தக் கஷ்டம் கிடையாது. மரத்தடியில் பொறுக்கி, இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் காயப்போட்டு, ஈரம் படாத இடத்தில் மூட்டை கட்டி அடுக்கினால் மாதக்கணக்கில் கெடாது. அடுத்த மகசூல் வரும் வரைகூடத் தாங்கும். இந்தக் குணத்தை நம்பித்தான் ஆலை முதலாளி, இரண்டு மூன்று மாதத்தில் விளைந்து முடியும் சரக்கை வைத்து வருஷம் பூராவும் ஆலை ஓட்டுகிறார்.

அப்படியானால் விவசாயியும் கொட்டையை வைத்திருந்து, விலை வரும்போது விற்கலாமே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பங்குனியில் கொட்டை விழத் தொடங்கும்போதே கடனும் வாசலில் வந்து நிற்கிறது. பூக்கும் பருவத்தில் தேயிலைக் கொசுவுக்கு மருந்தடிக்க வாங்கிய பணம், களை எடுக்கவும் காவல் போடவும் வாங்கிய முன்பணம், வைகாசியில் வரும் கல்யாணச் செலவு, ஜூன் பிறந்தால் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவு. முன்பணம் கொடுத்தவர் வட்டியோடு கொட்டையையும் சேர்த்தே எதிர்பார்க்கிறார். அவர் வைத்த தராசு, அவர் கையால் பார்த்த ஈரம், அவர் போட்ட விலை. அவ்வளவுதான் மார்க்கெட்! உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்று நம் பெரியவர்கள் சொன்னது நெல்லுக்கு மட்டும் அல்ல.

கொட்டை காத்திருக்கும். வயிறு காத்திருக்காது. ஆகவே கெடாத பொருளை, கெட்டுப் போகும் பொருளைப் போல அவசரமாக விற்கும்படி விவசாயி ஆக்கப்படுகிறான். கிடங்கும் பாங்குக் கடனும் உள்ளவர் அதே கொட்டையை வாங்கி அடுக்கி வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கிறார். விலை ஏறினால் லாபம் அவருக்கு. விலை சரிந்தாலோ, அடுத்த பருவத்தில் அந்தச் சரிவை விவசாயியின் தலையில் இறக்கி வைத்துவிடலாம்.

சர்க்கார் இதற்கு என்ன செய்திருக்கிறது? மத்திய சர்க்கார் 22 விளைபொருள்களுக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவிக்கிறது. தென்னையின் கொப்பரைக்கு அந்தப் பட்டியலில் இடமுண்டு. முந்திரிக்கு இடமில்லை. டாலர் கொண்டு வரும் பயிர் என்று மேடையில் புகழ்கிறார்கள். அந்த டாலரை விளைவிப்பவனுக்கு இன்ன விலைக்குக் குறையாமல் கிடைக்கும் என்று ஒரு வரி எழுதித்தர மறுக்கிறார்கள்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. அன்றைய ஒரே நாளில் ஆயிரக்கணக்கான ஏக்கரில் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. தகப்பன் நட்டு மகன் பயன் கண்ட மரங்கள் அவை. புதிதாக ஒட்டுக்கன்று நட்டால் காய்க்கத் தொடங்க மூன்றாவது வருஷமாகும். சொல்லிக்கொள்ளும்படியான மகசூலுக்கு அதற்கு மேலும் பல வருஷங்கள் பொறுக்க வேண்டும். பெரிய தோப்புக்காரர் பொறுத்தார். ஒரு ஏக்கர் இரண்டு ஏக்கர்க்காரன் எதைத் தின்று பொறுப்பான்? அங்கேயும் அதே விதிதான்!

பருப்புக்கு விலை தந்தது யார்?

சுமார் நாலு கிலோ கொட்டையை உடைத்தால் ஒரு கிலோ பருப்பு கிடைக்கும். ஆனால் கிடைக்கும் பருப்பெல்லாம் ஒரே விலைக்குப் போவதில்லை. முழுப் பருப்புக்கு ஒரு விலை, இரண்டாய்ப் பிளந்ததற்கு ஒரு விலை, நொறுங்கியதற்கு ஒரு விலை. முழுப் பருப்பிலும் தரம் உண்டு. டபிள்யூ 320 என்றால் ஒரு பவுண்டுக்கு ஏறத்தாழ 320 பருப்பு நிற்கும் என்று அர்த்தம். டபிள்யூ 180 என்றால் பருப்பு பெரியது, விலையும் அதற்கேற்ப அதிகம்.

இந்த விலை வித்தியாசத்தை உண்டாக்குவது எது? மரம் கொட்டையைத்தான் தருகிறது. அந்தக் கொட்டைக்குள் இருக்கும் பருப்பு முழுசாக வெளியே வருமா, நொறுங்கி வருமா என்பது உடைக்கும் கையைப் பொறுத்தது. வறுத்தோ வேகவைத்தோ எடுத்த கொட்டையை ஒவ்வொன்றாக உடைத்து, பருப்பை எடுத்து, சூட்டடுப்பில் உலர்த்தி, மேல் தோலை நகத்தாலும் சிறு கத்தியாலும் உரித்து, அளவு பார்த்துப் பிரிக்கிறார்கள். இந்த வேலையில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். உயர்ந்த தரம், உலகத் தரம் என்று டப்பாவின் மேல் அச்சடிக்கப்படுவதெல்லாம் இவர்களின் விரல்நுனியில் பிறந்தது.

அந்த விரல்களுக்குக் கிடைத்த வெகுமதி என்ன? கொட்டையின் ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெய் தோலைச் சுட்டுப் புண்ணாக்கும் தன்மையுள்ளது. அதற்குத் தடுப்பாகக் கையில் சாம்பலையோ விளக்கெண்ணெயையோ தடவிக்கொண்டு தலைமுறை தலைமுறையாக உடைத்திருக்கிறார்கள். வறுக்கும் இடத்துப் புகை கண்ணையும் நெஞ்சையும் எரிக்கிறது. காலை முதல் மாலை வரை தரையில் குந்தியிருந்து முதுகு வளைகிறது. கூலியோ கிலோக் கணக்கில். கொட்டை இல்லாத நாளில் கூலியும் இல்லை.

சாதிக் கொடுமையும் இதிலே சேர்ந்துகொண்டது. கொல்லம் ஆலைகளில் கை வெந்து கறுக்கும் உடைப்பு வேலையைத் தாழ்த்தப்பட்ட சமூகப் பெண்களுக்கும், தோல் உரிப்பு, தரம் பிரிப்பு போன்ற வேலைகளைப் பெரும்பாலும் மற்றச் சமூகத்தாருக்கும் ஒதுக்கிவைத்த வழக்கம் நெடுங்காலம் இருந்தது. மரம் பிரேசிலிலிருந்து போர்ச்சுகீசியர் மூலம் 16-ம் நூற்றாண்டில் வந்து சேர்ந்தது. சாதியை அவர்கள் கொண்டு வரவில்லை. ஆலையைக் கட்டியவர்களுக்கு அது கைக்கெட்டும் தூரத்திலேயே கிடைத்தது.

கூலிதான் குற்றவாளியா?

இவ்வளவும் சொன்னால், முந்திரிக்கொட்டை போல முந்திக்கொண்டு வந்து சில பொருளாதாரப் புலிகள் பதில் சொல்லுவார்கள்: “கூலியை ஏற்றினீர்கள், தொழில் செத்தது. கேரளத்தைப் பாருங்கள்!”

பார்ப்போம். நன்றாகவே பார்ப்போம்.

2015-ல் கேரளத்தில் முந்திரித் தொழிலாளரின் குறைந்தபட்சக் கூலி உயர்த்தப்பட்டது. அதை அடுத்த ஆண்டுகளில் கொல்லம் வட்டாரத்தில் நூற்றுக்கணக்கான தனியார் ஆலைகள் கதவை அடைத்தன. லட்சக்கணக்கான பெண்கள் வேலை இழந்தார்கள், அல்லது வருஷத்தில் சில நாள் வேலைக்காகக் காத்துக் கிடந்தார்கள். கடன் சுமை தாங்காமல் சிறு ஆலைக்காரர்கள் சிலர் உயிரையும் மாய்த்துக்கொண்டார்கள். அவர்களுடைய துயரத்தை நாம் அலட்சியமாகப் பேச மாட்டோம். ஆனால் அவர்களைக் கொன்றது அந்தப் பெண்களின் கூலியா?

ஆலைக்காரர்களின் கணக்கையே எடுத்துப் பாருங்கள். ஒரு கிலோ பருப்புக்கு ஆகும் செலவில் மிகப் பெரும்பகுதி கொட்டையின் விலை. கூலி அதற்கு எவ்வளவோ கீழே நிற்கிறது. 2017-ல் உலகச் சந்தையில் கொட்டை விலை உச்சிக்குப் போயிற்று. 2018-ல் சரிந்தது. ஏறிய விலையில் பாங்கில் கடன் வாங்கிக் கொட்டை இறக்கிய ஆலைக்காரர், சரிந்த விலையில் பருப்பை விற்க வேண்டி வந்தது. வட்டி மட்டும் சரியவில்லை. தொழிலைச் சாய்த்ததில் பெரும் பங்கு இந்தச் சூதாட்டத்துக்கு உண்டு. கொட்டையைப் பதுக்கவும் வெளியே விடவும் பலம் படைத்த பெரிய வியாபாரிகள் இதில் பிழைத்துக்கொண்டார்கள். சிறு ஆலைக்காரர் விழுந்தார். விழுந்தவரின் கையைப் பிடித்து அவர் பக்கத்தில் இருந்த தொழிலாளியைக் காட்டி, இவள்தான் உன்னைத் தள்ளினாள் என்று சொல்லிக் கொடுத்தார்கள்!

இந்தத் தந்திரம் புதிதல்ல. கொல்லத்துத் தொழிலாளர் சங்கம் கட்டிக் கூலியும் போனஸும் கேட்ட காலத்தில், ஆலையை மூடிவிட்டு வீடு வீடாகக் கொட்டையைக் கொடுத்து வறுத்து உடைக்கச் செய்தார்கள். வீட்டுக்குள் நடந்தால் தொழிற்சாலைச் சட்டமும் இல்லை, சம்பளப் பட்டியலும் இல்லை. அதுவும் போதாதென்று எல்லையைத் தாண்டிக் கூலி குறைந்த தமிழ்நாட்டுக்கு வந்தார்கள். கன்யாகுமரி மாவட்டத்து ‘அண்டி ஆபீஸ்’களில் பலவற்றின் பூர்வோத்தரம் இதுதான். ஒரே கொட்டை, ஒரே பருப்பு, ஒரே கப்பல். களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் ஒரு கூலி, இந்தப் பக்கம் ஒரு கூலி!

கூலி குறைந்தால் தொழிலாளிக்கு வேலை பெருகும், நாடு செழிக்கும் என்பது உண்மையானால், எல்லைக்கு இந்தப் பக்கம் உள்ள பெண்கள் செழித்திருக்க வேண்டுமே? அவர்கள் கண்ட செழிப்பு எங்கே? அங்கே இருப்பவளைக் காட்டி இங்கே இருப்பவளின் கூலியை அமுக்குவதும், இங்கே இருப்பவளைக் காட்டி அங்கே இருப்பவளின் வேலையைப் பறிப்பதும்தான் நடந்தது.

மொசாம்பிக் கற்றுத்தரும் பாடம்

இந்த விளையாட்டு களியக்காவிளையோடு நிற்கவில்லை. இந்தியாவில் ஆண்டுக்கு 7 முதல் 8 லட்சம் டன் வரை கொட்டை விளைகிறது. நம் ஆலைகளுக்கு அது போதாது. அநேகமாக அதே அளவோ அதற்கு மேலோ வெளிநாட்டிலிருந்து வருகிறது. வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே கொல்லத்துக்குக் கிழக்கு ஆப்பிரிக்காவின் கொட்டை கப்பலில் வந்தது. ஆகவே ஆப்பிரிக்க விவசாயியின் கதை நம் கதையும் ஆகும்.

மொசாம்பிக் நாடு 1970-களின் ஆரம்பம் வரை உலக முந்திரி விளைச்சலில் முதலிடத்தில் இருந்தது. 1975-ல் போர்ச்சுகீசிய ஆட்சியிலிருந்து விடுதலை பெற்ற பிறகு, கொட்டையை உடைக்காமல் அப்படியே வெளியே அனுப்பக் கூடாது என்று தடை போட்டது. உள்நாட்டு ஆலைகளில் மக்கள் வேலை செய்தார்கள். பிறகு நீண்ட உள்நாட்டுப் போர் தோப்புகளையும் ஆலைகளையும் சீரழித்தது. போர் முடிந்து மூச்சுவிடத் தொடங்கிய நேரத்தில் உலக பாங்கு வந்து சேர்ந்தது. கடன் வேண்டுமானால் கொட்டையின் மீதுள்ள ஏற்றுமதி வரியைக் குறைத்துக்கொண்டே போய் ஒழிக்க வேண்டும் என்று 1995-ல் நிபந்தனை போட்டது. வரி போனால் விவசாயிக்கு நல்ல விலை கிடைக்கும் என்று உபதேசமும் செய்தது.

என்ன நடந்தது? கொட்டை கப்பலேறியது. பெரிய ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. 2001-க்குள் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள், அவர்களில் பெண்கள் பலர், தெருவுக்கு வந்தார்கள். விவசாயிக்காவது கிடைத்ததா? மார்கரெட் மக்மில்லன், டானி ரோட்ரிக், காரன் வெல்ச் ஆகிய மூன்று பொருளாதார அறிஞர்கள் 2002-ல் கணக்கிட்டுச் சொன்னார்கள்: முந்திரி பயிரிடும் ஒரு குடும்பத்துக்குச் சராசரியாகக் கிடைத்த ஆதாயம் வருஷத்துக்கு 5 டாலரும் சில்லறையும்! இதைச் சொன்னவர்கள் செங்கொடி பிடித்தவர்கள் அல்ல. அமெரிக்கப் பல்கலைக்கழக உலகத்தைச் சேர்ந்தவர்கள். மிச்சப் பணம் இடையில் நின்ற வியாபாரிகளின் பையில் தங்கிவிட்டது.

அந்தக் கொட்டை வந்து சேர்ந்தது நம் நாட்டு ஆலைகளுக்கு. அப்படியானால் மொசாம்பிக் தொழிலாளியின் சோற்றை நம் தொழிலாளி பறித்தாளா? பறித்த சோறு அவள் தட்டில் விழுந்திருந்தால் கொல்லம் ஆலைகள் ஏன் மூடின? இரண்டு இடத்திலும் பட்டினி கிடந்தவர்கள் ஒரே வர்க்கம். இரண்டு இடத்திலும் லாபம் கண்டவர்களும் ஒரே வர்க்கம்தான்.

இன்று மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட் உலகிலேயே அதிகமாகக் கொட்டை விளைவிக்கிறது. உலகக் கொட்டையில் பாதிக்கு மேல் ஆப்பிரிக்காவில் விளைந்தும், அதில் 15 சதவிகிதத்துக்கும் குறைவாகவே அங்கே உடைக்கப்படுகிறது என்று ஐக்கிய நாடுகளின் வர்த்தக வளர்ச்சி அமைப்பு 2021-ல் தெரிவித்தது. மேற்கு ஆப்பிரிக்காவின் மகசூல் நம் மகசூலோடு ஒரே பருவத்தில் வருகிறது. கிழக்கு ஆப்பிரிக்காவின் மகசூல் வருஷக் கடைசியில் வருகிறது. கிடங்கு உள்ள வியாபாரிக்கு இது ஆண்டு முழுவதும் தீபாவளி! இங்கே விலை கேட்டால் அங்கே கொட்டை வருகிறது என்பான். அங்கே விலை கேட்டால் இங்கே கிடங்கு நிறைந்திருக்கிறது என்பான்.

தான்சானியா இதை எதிர்த்துப் பார்த்தது. விவசாயி கொட்டையைச் சங்கக் கிடங்கில் வைத்து ரசீது பெற்று, ஏலத்தில் விற்கும் முறையை 2007 முதல் கொண்டு வந்தது. 2018-ல் வியாபாரிகள் விலையை அமுக்கியபோது, அந்த நாட்டு சர்க்கார் கிலோ 3,300 ஷில்லிங் என்று விலை வைத்து, பட்டாளத்தை இறக்கிக் கொட்டையைத் தானே வாங்கியது. துணிச்சலான காரியம். ஆனால் வாங்கிய கொட்டையை உடைக்க உள்நாட்டில் போதிய ஆலை இல்லை. விற்பதும் எளிதாக இல்லை. விவசாயிகளுக்குப் பணம் போய்ச் சேரத் தாமதமாயிற்று. பாடம் தெளிவு: விலை மட்டும் வைத்தால் போதாது, கிடங்கும் வேண்டும், உடைக்கும் ஆலையும் வேண்டும். மூன்றும் ஒரு கையில் இருக்க வேண்டும். அந்தக் கை உழைப்பவனின் கையாக இருக்க வேண்டும்.

வியட்நாமும் இயந்திரமும்

“வியட்நாமைப் பாருங்கள்” என்றும் சொல்லுவார்கள். 2006 முதல் பருப்பு ஏற்றுமதியில் வியட்நாம் நம்மை முந்திவிட்டது உண்மை. நம் ஏற்றுமதி 2013-14-ல் ஒரு லட்சம் டன்னுக்கு மேல் இருந்து, பத்து வருஷத்துக்குள் ஏறத்தாழப் பாதியாகச் சுருங்கியதும் உண்மை.

ஆனால் வியட்நாம் எதனால் முந்தியது? கொட்டையை உடைக்கவும் தோல் உரிக்கவும் தரம் பிரிக்கவும் இயந்திரங்களைத் தன் நாட்டுப் பட்டறைகளிலேயே உருவாக்கிக்கொண்டது. நம் முதலாளிகளோ, பெண்ணின் விரல் மலிவாகக் கிடைக்கும்போது இயந்திரம் எதற்கு என்று அரை நூற்றாண்டு உட்கார்ந்திருந்தார்கள். மலிவான கூலிதான் நம் தொழிலைப் பின்னுக்குத் தள்ளியதே தவிர, உயர்ந்த கூலி அல்ல. இதைத் தலைகீழாகப் பிரசாரம் செய்கிறார்கள்.

இயந்திரத்துக்கு நாம் எதிரிகளா? இல்லவே இல்லை. கையைச் சுடும் எண்ணெயிலிருந்தும் நெஞ்சை எரிக்கும் புகையிலிருந்தும் பெண்களை விடுவிக்கும் இயந்திரம் நாளைக்கே வரட்டும்! ஆனால் இயந்திரம் வருகிற வாசல் வழியாகவே தொழிலாளி வெளியே போக வேண்டும் என்பதை ஒப்புக்கொள்ள மாட்டோம். நேற்று வரை உடைத்தவளுக்கு இயந்திரத்தை ஓட்டப் பயிற்சி கொடு, அவளுக்கே அந்த வேலையைக் கொடு, வேலை நேரத்தைக் குறை, கூலியைக் குறைக்காதே என்று கேட்கிறோம்.

சந்தை இல்லை என்ற ஓலமும் பொய். உலகிலேயே அதிகமாக முந்திரிப்பருப்பைத் தின்னும் நாடு இந்தியாதான். நம் வீட்டு விசேஷங்களும் மிட்டாய்க் கடைகளும் கேட்கும் பருப்புக்கே நம் விளைச்சல் காணவில்லை. சந்தை நம் காலடியிலேயே இருக்கிறது.

மண்ணில் அழுகும் செல்வம்

இன்னொரு கொள்ளையும் உண்டு. இதை யாரும் திருடவில்லை, எல்லோரும் சேர்ந்து வீணாக்குகிறோம்.

கொட்டைக்கு மேலே தொங்கும் பழத்தின் எடை கொட்டையைப்போல் பல மடங்கு. ஆரஞ்சுப்பழத்தைவிட அதிகமாக வைட்டமின் சி சத்து அதிலே இருக்கிறது. பிரேசிலின் வடகிழக்குப் பகுதியில் அந்தப் பழச்சாறு சாதாரண ஜனங்களின் அன்றாட பானம். கோவாவில் அதிலிருந்து இறக்கும் பெனி மதுவுக்கு 2009-லேயே புவிசார் குறியீடு கிடைத்தது. நம் தோப்புகளில் கொட்டையைத் திருகி எடுத்துக்கொண்டு பழத்தை மரத்தடியிலேயே போட்டுவிடுகிறோம். டன் டன்னாக அழுகி மண்ணாகிறது.

துவர்க்கிறது, தொண்டையைப் பிடிக்கிறது என்பார்கள். அதற்கும் வழி உண்டு. சாற்றில் ஜவ்வரிசிக் கஞ்சியோ சோற்றுக் கஞ்சியோ கலந்து தெளிய வைத்தால் துவர்ப்பு அடியில் தங்கிவிடும். இது பெரிய விஞ்ஞான ரகசியம் அல்ல. ஆனால் பழம் கொட்டையைப்போல் காத்திருக்காது, பறித்த அன்றே பிழிந்தாக வேண்டும். ஆகவே தோப்புக்குப் பக்கத்திலேயே சிறு ஆலை வேண்டும். தூரத்து நகரத்தில் இருக்கும் முதலாளிக்கு இதில் லாபம் குறைவு, தொல்லை அதிகம். அதனால்தான் அவர் தொடவில்லை. ஊர்க் கூட்டுறவு தொடலாம்.

கையைச் சுடும் அந்த ஓட்டு எண்ணெயும் குப்பையல்ல. மோட்டார் வண்டிகளின் பிரேக் லைனிங்குக்கும் வர்ணங்களுக்கும் பிசின்களுக்கும் அது கச்சாப் பொருள். விவசாயி கொட்டையை விற்கும்போது ஓட்டையும் எண்ணெயையும் சேர்த்தேதான் கொடுக்கிறான். அதற்குத் தனியாக ஒரு காசு கணக்கில் ஏறியதுண்டா?

சர்க்கார் கையில் இருந்தால் மட்டும் போதுமா?

கேரளத்தில் 1969-ல் முந்திரி வளர்ச்சிக் கழகம் அமைத்தார்கள். 1984-ல் தொழிலாளர் கூட்டுறவுகளுக்காகக் காபெக்ஸ் என்ற ஸ்தாபனம் வந்தது. 1970-ல் மத்திய சர்க்கார், வெளிநாட்டுக் கொட்டையை இறக்குமதி செய்து ஆலைகளுக்குப் பங்கிடுவதற்கென்றே ஒரு கார்ப்பரேஷன் ஏற்படுத்தியது. பின்னர் இறக்குமதி தனியாருக்குத் திறந்து விடப்பட்டது, பழைய வேட்டை மறுபடி ஆரம்பமாயிற்று. பொதுத்துறை வேண்டும் என்பதில் நமக்கு இரண்டாவது கருத்து இல்லை.

ஆனாலும் காசர்கோட்டை மறக்கக் கூடாது. அங்கே சர்க்காருக்குச் சொந்தமான தோட்டக் கழகத்தின் முந்திரித் தோப்புகளில், தேயிலைக் கொசுவை ஒழிப்பதற்கென்று 1970-களின் கடைசியிலிருந்து 2000 வரை ஹெலிகாப்டர் மூலம் எண்டோசல்பான் தெளித்தார்கள். விஷம் தோப்பு வேலியோடு நிற்கவில்லை. கிணற்றிலும் ஓடையிலும் இறங்கியது. ஊனத்தோடும் தீராத நோயோடும் பிள்ளைகள் பிறந்தார்கள். ஜனங்கள் வருஷக்கணக்கில் போராடினார்கள். இந்திய ஜனநாயக வாலிபர் சங்கம் தொடுத்த வழக்கில் 2011-ல் உச்ச நீதிமன்றம் அந்த மருந்துக்குத் தடை விதித்தது. பாதிக்கப்பட்டவர்களுக்குத் தலா 5 லட்சம் ரூபாய் கொடுக்கும்படி 2017-ல் உத்தரவிட்டது. தோப்பின் சொந்தக்காரர் சர்க்கார் என்பதாலேயே அந்தப் பிள்ளைகள் தப்பவில்லை. ஊர் ஜனங்களின் கண்ணும் தொழிலாளியின் குரலும் நிர்வாகத்துக்குள் இல்லாவிட்டால், பொதுத்துறையும் முதலாளியைப் போலவே மகசூலை மட்டும் எண்ணும். மனிதரை எண்ணாது.

நம் கோரிக்கைகள்

ஆகவே வெறும் வாரியம் என்ற பெயர்ப் பலகையோடு நாம் திருப்தி அடைய முடியாது. கேட்கிறோம்:

1. பருவம் தொடங்குமுன்பே, சாகுபடிச் செலவும் அதற்கு மேல் பாதியும் சேர்த்து முந்திரிக்கொட்டைக்கு ஆதரவு விலை அறிவிக்க வேண்டும். அந்த விலைக்குக் கீழே போனால் சர்க்கார் வாங்க வேண்டும்.

2. முந்திரி விளையும் ஒவ்வொரு வட்டாரத்திலும் ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களில் உலர்களமும் கிடங்கும் கட்ட வேண்டும். கொட்டையை வைத்த அன்றே பொருளீட்டுக் கடன் கையில் கிடைக்க வேண்டும். நிலம் குத்தகைக்கு எடுத்தவனுக்கும் அந்தக் கடன் உண்டு என்று சட்டம் இருக்க வேண்டும்.

3. விளையும் ஊரிலேயே விவசாயிகளும் உடைக்கும் பெண்களும் சேர்ந்து நடத்தும் கூட்டுறவு ஆலைகளுக்குக் குறைந்த வட்டியில் மூலதனம் தர வேண்டும். பழச்சாறும் ஓட்டு எண்ணெயும் அந்த ஆலைகளின் வருமானத்தில் சேர வேண்டும்.

4. தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் முந்திரித் தொழிலில் ஒரே குறைந்தபட்சக் கூலி வேண்டும். வைப்பு நிதி, ஈ.எஸ்.ஐ., கையுறை, புகை போக்கி, வருஷத்தில் இத்தனை நாள் வேலை என்ற உத்தரவாதம் ஆகியவை ஆலைக்கும் வேண்டும், ஆலைக்கு வெளியே வீட்டில் உடைப்பவளுக்கும் வேண்டும்.

5. தமிழ்நாடு வனத்தோட்டக் கழகத்தின் முந்திரித் தோப்புகளின் மகசூலைக் காண்டிராக்டர்களுக்கு ஏலம் விடுவதை நிறுத்தி, அந்தந்த ஊர் மகளிர் குழுக்களுக்கும் நிலமற்ற கூலிகளின் சங்கங்களுக்கும் கொடுக்க வேண்டும்.

6. வாரியத்தின் இடங்களில் பாதியாவது சிறு விவசாயிகளும் தொழிலாளர்களும் தேர்ந்தெடுத்து அனுப்பும் பிரதிநிதிகளுக்கு இருக்க வேண்டும். எந்த மருந்து தெளிப்பது, எந்த விலை வைப்பது என்பதில் அவர்கள் பேச்சு எடுபட வேண்டும்.

இதற்கெல்லாம் பணம் எங்கே என்று கேட்பார்கள். பணம் ஏற்கெனவே தொழிலுக்குள் இருக்கிறது. கிடங்குக்குள் மூட்டை மூட்டையாக அடுக்கப்பட்டு விலைக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது. அந்தக் காத்திருக்கும் பலத்தை உழைப்பாளியின் பக்கம் மாற்றுவதுதான் வேலை.

அது யாரும் தானமாகக் கொடுக்கும் வரம் அல்ல. பண்ருட்டி விவசாயியும் குழித்துறை ‘அண்டி ஆபீஸ்’ பெண்ணும் தனித்தனியே நின்றால், ஒருவர் விலையைக் காட்டி மற்றவர் கூலியை வெட்டுவார்கள். இருவரும் ஒரே சங்கத்தின் கூரையின் கீழ் உட்கார்ந்து கணக்குப் பார்த்தால், எந்த வியாபாரியும் அவர்களை அவசரப்படுத்த முடியாது. அந்தக் கணக்கை இந்தப் பங்குனிக்கு முன்பே, முதல் கொட்டை மண்ணில் விழுவதற்கு முன்பே, ஊர் ஊராகப் பார்க்கத் தொடங்குவோம்!